மூன்றாவது பிளக்

மொனராகலை
1923 ஒக்டோபர் 30

அக்கா,

பிள்ளையார் சுழி இல்லையே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். நாலு தடவை போட்டுப் பார்த்தேன், சுழி வரவில்லை, தாள்தான் கிழிந்தது. வலது கை மூங்கில் பத்தை வைத்துக் கட்டி மடியில் கிடக்கிறது. உன் புருஷன் உடைத்த கை.

இத்ரூஸ் நானா என்னை வைக்கோலுக்கு அடியில் கிடத்தி மாட்டு வண்டியில் இங்கே கொண்டுவந்தார். அவருடைய இரும்புக் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறேன். கட்டுப் போட்டவர் நடுவிரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்கிறார். ஒரு ஆணியைப் பிடித்து அடிக்கக்கூட நான் இனி உதவமாட்டேன்.

நடந்ததை முழுசாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதுதானே.

தோட்டத்துத் துரை கழித்துப்போட்ட காரை வெட்டி, சட்டத்தை நாலடி நீட்டி, பின்னால் மரப்பெட்டி கட்டி லொறியாக்கியவன் நான். ஏற்றத்தில் இழுக்க வேண்டும் என்று இஞ்சின் தலையைத் தேய்த்து மெலிதாக்கியவனும் நான். எட்டு மாதம் அது உன் புருஷனின் அரிசி மூட்டைகளை மடுல்சீமைக்கு முனகாமல் சுமந்தது. அப்போதெல்லாம் நான் கெட்டிக்காரன்.

22ஆம் தேதி திங்கட்கிழமை, பாறை வளைவு ஏற்றத்தில் இஞ்சின் இருமியது. பிறகு உள்ளே யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அப்படியே இறுகி நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன். இருபது மூட்டை அரிசியின் பாரம் பிரேக்குக்கு அடங்குமா? லொறி பின்னால் நகரத் தொடங்கியது. பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவது இராசையாவின் வேலை. "அண்ணே, விடாதீங்க, போட்டுர்றேன்" என்று சொல்லிக்கொண்டே குதித்தான். கட்டையோடு கால் வழுக்கிச் சக்கரத்துக்கு அடியில் போனான். அவன் நெஞ்சின் மேல் ஏறித்தான் லொறி நின்றது. அவன் கத்தக்கூட இல்லை அக்கா. நான்தான் கத்தினேன்.

மறுநாள் காலை கடை முற்றத்தில் இஞ்சினைத் திறந்தேன். காரணத்தைக் கண்டுபிடித்து, கையில் எடுத்து, "அத்தான், இங்க பாருங்க" என்றேன். அவன் பார்க்கவில்லை. லொறியைச் சுழற்றும் இரும்பு ஹேண்டிலை எடுத்தான். "ஒரு உசிரக் கொன்னுட்டு எனக்குப் பாடம் சொல்றியா" என்றான். என் கை மட்கார்டின் மேல் இருந்தது. மூன்று அடி. மூன்றையும் எண்ணினேன்.

நீ பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என் ஒரே அக்கா, நின்று பார்த்தாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வடிவேல்


பதுளை
1923 நவம்பர் 4

தம்பி வடிவேலுக்கு,

உன் கடிதம் வந்தது. உறையைப் பார்த்த பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மா, "என்ன புள்ள, மைக்கூட்டுல விழுந்த பூரான் தாள்ல நடந்திருக்கு" என்றாள். சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இனி அவள் வீட்டு விலாசத்துக்கே எழுது. இங்கே வருகிற தபாலை உன் அத்தான்தான் பிரிக்கிறார், இது மட்டும் தற்செயலாக என் கையில் கிடைத்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். முதல் அடிக்கே கத்தினேன். உன் சத்தத்தில் என் சத்தம் உனக்குக் கேட்கவில்லை. குறுக்கே விழுந்திருக்கலாம். விழவில்லை. அதற்கு என்ன தண்டனையோ கொடு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். கை போனது உனக்கு. இராசையாவுக்குப் போனது உயிர். அவன் பெண்டாட்டி ராசம்மா ஏழு மாதக் கர்ப்பம். போன திங்கட்கிழமை மடுல்சீமையில் தோட்டக் கூலிகள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். கடை வாசலில் நின்றாள். இராசையா சக்கரத்துக்குப் போடுகிற அந்தக் கட்டையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "இந்தா மொதலாளி, இது ஒங்க லொறி சாமான், நீங்களே வச்சிக்கிடுங்க" என்று முகத்தைப் பார்த்து வீசினாள். உன் அத்தானுக்கு உதடு பிளந்தது. இரண்டு பல் கல்லாவின் மேல் விழுந்தது. கடைப் பையன்கள் கம்பெடுத்தார்கள். "தொட்டா வெட்டுவேன்" என்று அவர்களைத்தான் மிரட்டினார். இரத்தம் சட்டையெல்லாம் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் கோடரியை எடுத்துக்கொண்டு போய் லொறியின் மரப்பெட்டியைக் கொத்திச் சிம்பு சிம்பாக்கினார். நான் பக்கத்தில் போகவில்லை.

அவர் கணக்கில் நீதான் குற்றவாளி. நீளக் கூடாத வண்டியை நீட்டினாய், தேய்க்கக் கூடாததைத் தேய்த்தாய் என்கிறார். எனக்கு இஞ்சின் தெரியாது. உன்னைத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒரு பொருளை அது இருக்கிற மாதிரி விட்டு வைக்கத் தெரியாது. அதனால் கேட்கிறேன், மறைக்காமல் எழுது. உன் வேலையில்தான் பிழையா? என்ன காரணத்தைக் கையில் எடுத்துக் காட்டினாய்?

தீபாவளிக்கு வந்துவிடாதே. லயத்து ஆட்களும் உன்னைத் தேடுகிறார்கள்.

அக்கா
பரிமளம்


மொனராகலை
1923 நவம்பர் 10

அக்கா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். படித்துவிட்டு உன் புருஷன் காலைப் பிடித்து விடுவாயா, இல்லை அவன் முகத்தில் துப்புவாயா என்று நீயே முடிவு செய்.

இஞ்சினுக்கு நாலு சிலிண்டர். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளக். பெட்ரோல் ஆவிக்கு அதுதான் நெருப்பு வைக்கும். இரும்புக்கு நடுவே வெள்ளைப் பீங்கான் இருக்கும். அந்தப் பீங்கான் உடைந்தால் நெருப்பு வராது. உடைந்த துண்டு உள்ளே விழுந்தால் அதைவிட மோசம். மூன்றாவது சிலிண்டரைத் திறந்தபோது பிஸ்டன் நொறுங்கிக் கிடந்தது. சுவர் முழுக்கப் பூனை பிறாண்டின மாதிரி கீறல். அடியில் என் சுண்டுவிரல் நகமளவு பீங்கான் துண்டு. அதைத்தான் அவனுக்குக் காட்டினேன்.

மூன்றாவது பிளக் என் மடியில்தான் இருந்தது. கையை உடைத்தவனுக்கு மடியைச் சோதிக்கத் தோன்றவில்லை. பத்து நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பீங்கானில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். விரிசல் நெடுக மஞ்சள் கறை. புதுப் பிளக்கில் மஞ்சள் எப்படி வரும்? நான் போட்ட நாலும் பால் வெள்ளை. இது எங்கேயோ வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்து மஞ்சளித்த பழைய பிளக்.

இப்போது யோசித்துப் பார். நான் அந்தப் பிளக்குகளை எப்போது என் கையைவிட்டு விட்டேன்? சரஸ்வதி பூசைக்கு. மடுல்சீமையிலிருந்து வந்து நின்ற உடனே நீதானே வாசலில் நின்று, "லொறிக்கு உசிரு அதுதானடா, அதக் கழட்டிக் குடு, சாமி முன்னால வைக்கணும்" என்றாய். சூட்டோடு சூடாகத் துணியைச் சுற்றிக் கழற்றி நாலையும் உன் பித்தளைத் தட்டில் வைத்தேன். மறுநாள் விஜயதசமி அன்று எடுத்தபோது நாலும் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தன. மேலே துடைத்துவிட்டு மாட்டினேன். சந்தனத்துக்கு அடியில் ஒன்று கிழடு என்று எனக்கு எப்படித் தெரியும்?

இடையில் ஒரு ராத்திரி அந்தத் தட்டு உங்கள் வீட்டில் இருந்தது. லொறியைத் தன் தம்பியிடம் கொடுக்கவேண்டும் என்று உன் புருஷன் ஆடியிலிருந்தே முணுமுணுக்கிறான். நான் வழியில் நின்று அவமானப்பட வேண்டும், அவன் "பாத்தீங்களா இவன் லட்சணத்த" என்று சொல்ல வேண்டும், அதற்காக ஒன்றை மாற்றி வைத்திருக்கிறான். ஆள் சாவான் என்று நினைத்திருக்க மாட்டான். செத்துவிட்டான். அதனால்தான் நான் காட்டியதைப் பார்க்காமல் கையை உடைத்தான். பார்த்தால் தன் வேலை வெளியே வந்துவிடும் அல்லவா?

24ஆம் தேதி அவன் மாட்டு வண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு மடுல்சீமை போகிறான் என்று கேள்வி. பாறை வளைவில் நான் இருப்பேன். இடது கைக்கு எழுத்துத்தான் சரியாக வரவில்லை. கத்தி பிடிக்க வருகிறது. தினமும் வாழைத்தண்டில் குத்திப் பழகுகிறேன். தாலியைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று உனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

வடிவேல்


பதுளை
1923 நவம்பர் 16

தம்பி,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாளாகிவிட்டது. இரண்டு தடவை எழுதி அடுப்பில் போட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை, காய்ச்சல்.

உன் அத்தான் மாற்றவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதே. பூசையன்று அவர் அந்தத் தட்டுப் பக்கமே வரவில்லை. நான் கூடவே இருந்தேன். பிளக்குக்கும் மனுஷருக்கும் எதற்கு முடிச்சுப் போடுகிறாய்? இரும்பு தேயும், பீங்கான் உடையும். மஞ்சளோ கறுப்போ, எந்தப் பழைய சாமானிலும் கறை இருக்கத்தான் செய்யும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் உனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் சொல்வதைச் செய். அந்தப் பிளக்கை வெந்நீரில் போட்டு, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவு. கறை போகும். போனபிறகு ஆற்றில் எறிந்துவிடு. எறிந்துவிட்டுத் தலைமுழுகு. உனக்கும் எங்களுக்கும் விட்டது சனியன்.

24ஆம் தேதி அவர் போகாமல் இருக்க நான் ஏதாவது செய்கிறேன். சொன்னால் கேட்கிற ஆளில்லை. லயத்தில் ராசம்மாவுக்கு அரிசி கொண்டுபோய்த் தானே இறக்க வேண்டும் என்கிறார், ஆள் அனுப்பினால் போதாதாம். பல் போன வாயால் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வராதே. உனக்கு இன்னும் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்றைக்கு முடியவில்லை. அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுகிறேன். அதுவரை பொறு. என்மேல் ஆணை.

அக்கா


மொனராகலை
1923 நவம்பர் 26

அக்கா,

உன் கடிதம் 21ஆம் தேதியே வந்தது. படித்தேன். புருஷனைக் காப்பாற்ற எழுதுகிறாய் என்று நினைத்து மடித்துப் பையில் போட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். வண்டி பாறை வளைவில் திரும்பியது. அவன் வண்டிக்கு முன்னால் தும்புக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். நான் நடுரோட்டில் போய் நின்றேன். ஓடுவான் என்று நினைத்தேன், ஓடவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, "கை எப்படிடா இருக்கு?" என்றான்.

உடைத்தவன் கேட்கிற கேள்வியா அது? விலாவுக்குக் கீழே இரண்டு முறை குத்தினேன். வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கவில்லை அக்கா. எலும்பில் இடித்தது. அவன் என் சட்டையைப் பிடித்தான். அடிப்பதற்கென்று நினைத்து மூன்றாவது முறையும் குத்தினேன். மூன்று அடிக்கு மூன்று குத்து. வண்டிக்காரன் கூவிக்கொண்டே ஓடினான். நான் காட்டில் இறங்கி இரண்டு நாள் நடந்து நேற்று இங்கே வந்து சேர்ந்தேன்.

வந்ததும் இத்ரூஸ் நானாவின் கிணற்றடியில் உட்கார்ந்தேன். கத்தியும் பிளக்கும் ஒரே பையில் கிடந்ததால் பிளக்கிலும் இரத்தம் பட்டுக் காய்ந்திருந்தது. நானாவின் சவர்க்காரக் கட்டியை எடுத்துத் தேய்த்தேன். கத்தி வெளுத்துவிட்டது. பிளக் சிவந்தது. அவன் இரத்தம் இன்னும் போகவில்லை என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றித் திரும்பவும் தேய்த்தேன். இன்னும் சிவந்தது. வாளித் தண்ணீரை மாற்றினேன். தேய்க்கத் தேய்க்க விரிசலிலிருந்து சிவப்பு வந்துகொண்டே இருந்தது.

இரத்தம் சோப்புக்குப் போகும். சோப்புக்குச் சிவக்கிறது எது? எனக்குத் தெரிந்து ஒன்றுதான். உன் கல்யாணத்தன்று ஆலாத்தித் தண்ணீரை நான்தான் கரைத்தேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் எப்படிச் சிவந்தது என்று கைகொட்டிச் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? உன் மஞ்சள் சேலையில் சோப்புப் பட்டுச் சிவந்ததற்கு அம்மாவிடம் நீ அடி வாங்கியதும் ஞாபகம் இருக்கிறது.

அது பழைய பிளக் இல்லை. என்னுடைய புதுப் பிளக்தான். சூடாக இருந்தபோது யாரோ அதை மஞ்சள் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். இஞ்சின் தலையை நான் தேய்க்காமல் இருந்திருந்தால் அந்தத் துண்டு விழுந்து கிடக்க உள்ளே இடம் இருந்திருக்கும். பிஸ்டன் நசுக்கியிருக்காது. இஞ்சின் மூன்று காலில் நொண்டிக்கொண்டாவது ஏறியிருக்கும்.

விரிசலுக்கு உள்ளே ஆழத்தில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. பிளக்கை எறியவில்லை.

அக்கா, அந்தப் பிளக்குகளைக் கழுவியது யார்? எழுதுவதாகச் சொன்ன ஒன்று இதுதானா? அத்தான் உயிரோடு இருக்கிறாரா?

வடிவேல்


பதுளை
1923 டிசம்பர் 2

தம்பி வடிவேலுக்கு,

நான்தான்.

நீ தட்டில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாய். நாலும் கறுப்பு எண்ணெயோடு இருந்தன. அந்த அழுக்கோடு சாமி முன்னால் வைக்க மனம் வரவில்லை. பூசைக்குக் கரைத்து வைத்த மஞ்சள் தண்ணீர் பித்தளைக் கிண்ணத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டேன். சுர்ரென்று ஆவி வந்தது. தோசைக் கல்லில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். மூன்றாவதைப் போட்டபோது "டிக்"கென்று ஒரு சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மற்றவற்றைவிட அதற்குத்தான் அதிகமாகச் சந்தனம் வைத்தேன்.

உன் 10ஆம் தேதிக் கடிதத்தில் மஞ்சள் கறை என்று படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன் சத்தியமாகத் தெரியாது. தெரிந்த அன்றே எழுதியிருந்தால் அவர் இன்றைக்கு இருந்திருப்பார். எனக்குப் பயம். நீ பேசாமல் போவாயோ, ராசம்மா ஆட்கள் வந்து வெட்டுவார்களோ, அவர் ஹேண்டிலை எடுப்பாரோ என்று பயம். அதனால் கழுவச் சொன்னேன். எத்தனை மஞ்சள் சேலை துவைத்தவள் நான், சோப்புக்குச் சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா? பதற்றத்தில் தோன்றவில்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஒருவேளை தெரிந்துதான் எழுதினேனோ என்னவோ.

உன் அத்தான் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். நவம்பர் 28 விடியற்காலை போய்விட்டார். போலீஸ்காரர் மூன்று தடவை கேட்டும் "மொகத்தப் பாக்கல" என்றே சொன்னார். வண்டிக்காரன் உன் பேரைச் சொல்லிவிட்டான், அதனால் அவர் மறைத்தும் பயனில்லை.

இன்னொன்று. அவர் உன்னைக் கேலி செய்யவில்லை. "கை எப்படி இருக்கு" என்று இங்கேயும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ரஹ்மத்தும்மா வீட்டுக்கு உன் கடிதம் வருவது அவருக்குத் தெரியும். பிரிக்காமல் விட்டார். என்னிடம் மட்டும், "அவன் கை கூடிடுச்சாமா?" என்பார். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விடுவேன்.

கடைசி ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னேன், அவ்வளவு கேவலம் நான். "அப்போ அவன் கைய நான் சும்மாவா ஒடச்சேன்?" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

அவரை எரித்த மறுநாள் நான் மடுல்சீமைக்குப் போனேன். ராசம்மாவின் லய அறை வாசலில் நின்று, உன் புருஷனைக் கொன்றது என் பூசைத் தண்ணீர் என்று சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பிலிருந்த விறகுக்கட்டையை உருவிக்கொண்டு வந்தாள். தலையிலும் தோளிலும் அடித்தாள். நெற்றி பிளந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை நான். பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள். "விடுங்கடி, இவளக் கொன்னுட்டு நானும் சாவுறேன்" என்று கத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவர் கொண்டுபோன அரிசி மூட்டை, வாய் கட்டினபடியே மூலையில் இருந்தது. வண்டிக்காரன் அதையாவது கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான்.

நீ இனி ஓடாதே. ஓடினால் சுடுவார்கள். இத்ரூஸ் நானாவைக் கூட்டிக்கொண்டு நீயே போய்ச் சரணடை. தூக்கா, ஆயுசுக்கும் சிறையா, எனக்குத் தெரியவில்லை. நீ ஏன் அந்த ரோட்டில் நின்றாய் என்பதை நான் கோர்ட்டில் எழுந்து நின்று சொல்வேன். முன்பு நின்ற மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டேன்.

அந்தப் பிளக்கை மட்டும் எறிந்துவிடாதே. இனி கழுவவும் வேண்டாம், அப்படியே துணியில் சுற்றிக் கொண்டு வா. நான் வாயால் சொன்னால் கோர்ட்டுத் துரைமார் நம்பமாட்டார்கள், தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள். அவர்கள் கண் முன்னால் கழுவிக் காட்ட வேண்டும். அதே பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு கட்டிச் சோப்பும் நான் கொண்டுவருகிறேன்.

அக்கா
பரிமளம்